காணாமல் போனவரைத் தேடாத மர்ம நாவல்கள்

ஒரு நாவலின் பின்னட்டை இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமைதியான புறநகர்த் தெரு. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஒரு நாள் காலையில் ஏழாம் எண் வீட்டுப் பெண்ணைக் காணவில்லை. தெருவில் எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்னட்டையில் இருட்டில் நிற்கும் ஒரு வீடு, அதில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். கடையில் அதை மர்ம நாவல்கள் இருக்கும் அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள்.

வாங்கிப் படிக்கத் தொடங்குகிறோம். போலீஸ் ஒருமுறை வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் கதை வீடு வீடாக நுழைகிறது. மூன்றாம் எண் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோன கணவன் மனைவி. ஒன்பதாம் எண்ணில் யாரோடும் பழகாத முதியவர். எதிர்வீட்டில் பெரியவர்கள் பேசுவதை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்கும் சிறுமி. முந்நூறு பக்கத்தில் காணாமல் போனவரைப் பற்றி மொத்தமாக முப்பது பக்கம் வந்தால் அதிகம். என்ன ஆனது என்ற பதில் கடைசியில் இரண்டே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மூடி வைக்கும்போது ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. "இதில் மர்மமே இல்லையே" என்று இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

அந்த ஒற்றை நட்சத்திரங்களில் பாதியையாவது தடுக்க முடியும் என்று நம்புகிறேன். இந்த நாவல்கள் மோசமானவை என்பதால் அந்த நட்சத்திரங்கள் விழுவதில்லை. படிப்பவர் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், புத்தகம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டாவது கேள்வி எது என்று பிடிபட்டுவிட்டால் இந்த வகை நாவல்கள் படிக்கப் படிக்கப் பிடித்துப்போகும்.

முதலில், மர்ம நாவல் என்ற பெயர் நமக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று பார்த்துவிடலாம்.

1841-இல் எட்கர் ஆலன் போ எழுதிய, பாரிஸ் நகரத்து இரட்டைக் கொலையைத் துப்பறியும் சிறுகதையைத்தான் நவீனத் துப்பறியும் கதையின் தொடக்கமாகப் பெரும்பாலானோர் சொல்வார்கள். அதிலேயே அடிப்படை அமைப்பு வந்துவிட்டது: விளங்காத ஒரு குற்றம், அதைத் தன் அறிவால் அவிழ்க்கும் ஒருவர், அவரைப் பக்கத்திலிருந்து வியந்து பார்க்கும் நண்பர். 1920-களில் இது வாசகரும் ஆசிரியரும் சேர்ந்து ஆடும் ஆட்டமாகவே மாறியது. ஆட்டம் என்றால் விதி வேண்டுமே! 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், அவரும் துப்பறியும் நாவல் எழுதியவர்தான், பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயங்கள் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும் என்பவை அவற்றில் சில. 1930-இல் லண்டனில் தொடங்கிய துப்பறியும் எழுத்தாளர் சங்கமான டிடெக்ஷன் கிளப்பில் சேர வேண்டுமானால், முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டேன் என்று உறுதிமொழியே எடுக்க வேண்டியிருந்தது.

1966-இல் த்ஸ்வெதான் தொதரோவ் என்ற இலக்கியக் கோட்பாட்டாளர் துப்பறியும் நாவலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்ன ஒரு விஷயம் நமக்கு மிகவும் உதவும். இத்தகைய நாவலில் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று குற்றத்தின் கதை, அது நாவல் தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. இன்னொன்று விசாரணையின் கதை, நாம் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான். இரண்டாவது கதையின் ஒரே வேலை முதல் கதையைக் கண்டுபிடிப்பது.

முதலில் பார்த்த ஏழாம் எண் வீட்டுக் கதை மாதிரியானவற்றைப் புறநகர்த் தெருநாவல் என்று வைத்துக்கொள்வோம். அதில் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது அக்கம்பக்கத்தாரின் கதை. குற்றத்துக்கு முன்பும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள், பின்பும் அங்கேதான் இருக்கப்போகிறார்கள். விசாரணை அவர்களுக்குள் எதைக் கிளறிவிடுகிறது என்பதுதான் நாவலாசிரியருக்கு முக்கியம். போலீஸ்காரர் இதில் கதவைத் தட்டும் ஆள், அவ்வளவுதான். கதவைத் திறப்பவர் முகத்தைத்தான் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சரி, இதற்கு ஏன் புறநகர்? நெருக்கமான நகரத்திலோ சிறு கிராமத்திலோ இதை வைக்க முடியாதா? முடியும், வைத்தும் இருக்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதல் நாவலில் வந்தது 1930-இல். அவர் ஒரு கிராமத்துக் கிழவி. ஊர் வம்பைக் காதில் வாங்கி, இந்த ஆள் நடந்துகொள்வது அந்த ஆளைப் போல இருக்கிறதே என்று ஒப்பிட்டே கொலைகாரரைப் பிடித்துவிடுவார். அக்கம்பக்கத்து அறிவு துப்பறியப் பயன்படும் என்று காட்டிய பெருமை அவருக்கு உண்டு. ஆனால் கிராமத்தில் எல்லோரையும் எல்லோருக்கும் தலைமுறையாகத் தெரியும். அடுக்குமாடி நகரத்தில் யாரையும் யாருக்கும் தெரியாது. புறநகரில் இரண்டும் பாதிப் பாதி. பக்கத்து வீட்டுக்காரர் கார் எப்போது கிளம்பும் என்று தெரியும், அவர் இரவில் ஏன் தூங்குவதில்லை என்று தெரியாது. கதை எழுதுகிறவருக்கு இந்தப் பாதித் தெரிதல் பெரிய வரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. அது தெரியாமல் படித்தால் இந்த நாவல்களில் பாதி பிடிபடாது. அமெரிக்கப் புறநகர் தானாக முளைத்ததல்ல. 1934-இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் அமைக்கப்பட்டு வீட்டுக்கடன்களுக்கு அரசு உத்தரவாதம் வந்தது. 1944-இல் போர்வீரர்களுக்கான சட்டம், திரும்பி வந்த லட்சக்கணக்கானோருக்குக் குறைந்த வட்டியில் வீட்டுக்கடனை எளிதாக்கியது. 1947-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலத்தில் லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு எழத் தொடங்கியது. கார் தொழிற்சாலையில் வேலையைப் பிரிப்பதுபோல வீடு கட்டும் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, சில ஆண்டுகளிலேயே 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தார்கள். 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து, இன்னும் தொலைவில் குடியேறுவதைச் சுலபமாக்கியது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் மைய நகரங்களில் வாழ்ந்தவர்களைவிடப் புறநகர்களில் வாழ்ந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

அந்த லெவிட்டவுனில் வீடு கொடுக்கும்போதே நிபந்தனைகளும் கொடுத்தார்கள். புல்தரையை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். வேலி போடக் கூடாது. வார இறுதியில் துணி காயப்போடக் கூடாது. தோற்றம் கெடக் கூடாது என்பதுதான் காரணம். ஒரு நாவலாசிரியரின் கண்ணில் இதைப் பாருங்கள். வேலி இல்லாத வீடுகள், ஆனால் எதையும் வெளியே தெரியவிடக் கூடாது என்ற கட்டாயம். ரகசியம் வளர இதைவிட நல்ல மண் கிடைக்காது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது, அது மிகக் கொடியது. வெள்ளையர் அல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று தொடக்ககால ஒப்பந்தங்களிலேயே எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968-இல்தான் வந்தது. ஆக, "நம்ம தெருவுக்கு ஏற்றவர் யார்" என்ற கேள்வி புறநகரின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்மேல் முதலில் சந்தேகம் விழும் காட்சி இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வருவதை எழுத்தாளர்களின் கற்பனை வறட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காலத்தில் எழுத்துபூர்வமான ஒப்பந்தமே இருந்தது.

இப்போது ஏழாம் எண் வீட்டுக்குத் திரும்பலாம். ஒரே சம்பவம், அந்தப் பெண் காணாமல் போவது. அதை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

துப்பறியும் நாவலாக எழுதினால், முதல் அத்தியாயத்தில் அவர் மறைகிறார், இரண்டாவதில் விசாரிப்பவர் வருகிறார். மேஜைமேல் பாதி குடித்த தேநீர், நின்றுபோன கடிகாரம், பூட்டாத பின்கதவு. இவற்றில் எது தடயம், எது நம்மைத் திசைதிருப்ப வைத்தது என்று யோசித்துக்கொண்டே போவோம். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கமும், அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்ற வாக்குமூலமும் இருக்கும். அதற்கு மேல் அவர்கள் வாழ்க்கை தேவைப்படாது. கேள்வி: யார் செய்தது?

திரில்லராக எழுதினால், அவர் உயிரோடு எங்கோ அடைபட்டிருக்கிறார் என்று நமக்கு முன்னமே தெரியும். நேரம் குறைந்துகொண்டே போகிறது. அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றும் ஒரு திடுக்கிடலில் முடியும். கேள்வி: அடுத்து என்ன ஆகும்?

தெருநாவலாக எழுதினால் கதை அவர் மறைந்த மறுநாள் காலையில் தொடங்கும். மூன்றாம் எண் வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறாள். நேற்று இரவு சத்தம் கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. அதைச் சொன்னால் அந்த நேரத்தில் தான் ஏன் விழித்திருந்தோம் என்றும் சொல்ல வேண்டிவரும். அவள் திரையை மூடிவிடுகிறாள். ஒன்பதாம் எண் முதியவரைப் பற்றி யாரோ ஒருவர் ஏதோ சொல்கிறார், மாலைக்குள் அது தெருவின் முடிவாகவே ஆகிவிடுகிறது. கேள்வி முதலில் "அவருக்கு என்ன ஆனது?" என்றுதான் இருக்கும். பாதியில் "நமக்கு எப்படித் தெரியாமல் போனது?" என்று மாறும். முடிவுக்கு நெருங்கும்போது இன்னும் கூர்மையாகும்: தெரிந்திருந்தும் ஏன் பேசாமல் இருந்தோம்?

கேள்வி இப்படி நகர்வதுதான் இந்த வகையின் உயிர் என்பேன். நகர்வு எந்த அத்தியாயத்தில் நடக்கிறது என்று கவனித்தாலே போதும், நாவல் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். முதல் கேள்விக்கான பதில் சுருக்கமாக முடிந்துபோனதற்காக வருத்தப்படவும் தோன்றாது. அதற்குள் நமக்கே அதில் ஆர்வம் குறைந்திருக்கும், அப்படிக் குறையும்படிதான் நல்ல ஆசிரியர் எழுதியிருப்பார்.

உண்மையான நாவல்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? மூன்று வழிகளைக் காட்டுகிறேன். எந்த முடிவையும் உடைக்க மாட்டேன்.

ஒரு வழி, "யார்" என்பதை முதலிலேயே கொடுத்துவிடுவது. செலஸ்ட் இங் 2017-இல் எழுதிய 'லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்' நாவல் ஓஹையோ மாநிலத்தின் ஷேக்கர் ஹைட்ஸில் நடக்கிறது. அது திட்டமிட்டுக் கட்டப்பட்ட நிஜமான புறநகர், ஆசிரியர் வளர்ந்த ஊரும்கூட. குப்பைத்தொட்டிகள் தெருவில் தெரியக் கூடாது என்று வீட்டின் பின்புறத்திலிருந்தே குப்பையை எடுத்துப்போகும் ஊர். தொடக்கத்திலேயே ஒரு வசதியான குடும்பத்தின் வீடு எரிந்துபோயிருக்கிறது. கொளுத்தியது அந்த வீட்டின் கடைசிப் பெண்தான் என்று ஊரே பேசிக்கொள்வதும் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அப்புறம் கதை முந்தைய ஆண்டுக்குப் போய், ஒரு தாயும் மகளும் வாடகைக்குக் குடிவருவதிலிருந்து தொடங்குகிறது. நெருப்பை ஆசிரியர் முன்னால் வைத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. எரியப்போகும் வீடு என்று தெரிந்தபின், அந்த வீட்டுக்குள் நடக்கும் ஒவ்வொரு சாதாரண உரையாடலையும் நாம் வேறு கண்ணோடு படிக்கிறோம். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும் காட்சிகூடப் பதற்றம் தருகிறது.

இன்னொரு வழி, "யார் கொன்றது" என்பதோடு "யார் செத்தது" என்பதையும் மறைப்பது. லியான் மோரியார்ட்டியின் 'பிக் லிட்டில் லைஸ்' 2014-இல் வந்தது, ஆஸ்திரேலியாவின் கடலோரப் புறநகரில் நடக்கிறது. பள்ளியில் நடந்த ஒரு வினாடிவினா இரவில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று ஆரம்பத்திலேயே தெரிகிறது. யார் என்று மட்டும் தெரியாது. அங்கிருந்து பல மாதங்கள் பின்னால் போய், மூன்று தாய்மார்களின் வாழ்க்கையைப் பின்தொடர்கிறோம். நடுநடுவே மற்றப் பெற்றோர்கள் உதிர்க்கும் துண்டு துண்டான பேச்சுகள் வருகின்றன. பெரும்பாலும் வம்பு, பெரும்பாலும் தவறு. இறந்தது யார் என்று தெரியாததால் நாம் எல்லோரையும் கவலையோடு பார்க்கிறோம். எந்த வீட்டுக்குள் ஆபத்து இருக்கிறது என்று தேடத் தேட, குடும்ப வன்முறை நல்ல வீடு, நல்ல கார், நல்ல சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு நன்றாக ஒளிந்துகொள்கிறது என்று தெரிகிறது. துப்பறியும் கதையின் கருவியை எடுத்து, வாசகர் பார்க்கத் தயங்கும் ஒரு விஷயத்தைப் பார்க்க வைத்துவிட்டார். இந்த வகையின் நுட்பத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் நாவல்கள் குறைவு.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. தெருவையே கதைசொல்லியாக்குவது. ஜெஃப்ரி யூஜெனிடிஸின் 'தி வர்ஜின் சூசைட்ஸ்' 1993-இல் வெளியானது, டெட்ராய்ட்டை அடுத்த புறநகரில் நடக்கிறது. ஐந்து சகோதரிகளின் சாவைப் பல ஆண்டுகள் கழித்து அதே தெருவில் வளர்ந்த ஆண்கள் "நாங்கள்" என்று சொல்லிச் செல்கிறார்கள். புகைப்படங்கள், நாட்குறிப்பு, மருத்துவ அறிக்கை என்று சேகரித்து, வழக்குச் சான்றுகளைப் போல எண் போட்டு வைத்திருக்கிறார்கள். துப்பறிபவர்களின் எல்லா வேலையையும் செய்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெண்களை அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. இத்தனை சான்றுகளும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் சேர்த்தவை என்பது மெதுவாக உறைக்கிறது. இதை யாரும் மர்ம நாவல் என்று பெரிதாக விற்கவில்லை. பின்னால் வந்த பல தெருநாவல்களைப் புரிந்துகொள்ள இது ஒரு நல்ல அளவுகோல் என்பதால்தான் இங்கே சொல்கிறேன்.

இந்த நாவல்களில் சந்தேகம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துப்பறியும் நாவலில் சந்தேகம் என்பது புதிரின் ஒரு துண்டு. தவறான ஆளைச் சந்தேகித்தால் பரவாயில்லை, அடுத்த அத்தியாயத்தில் வேறொருவரைச் சந்தேகித்துக்கொள்ளலாம். தவறாகச் சந்தேகிக்கப்பட்டவர் கதையிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடுவார். தெருநாவலில் அப்படி விலக முடியாது. ஒன்பதாம் எண் முதியவர்மேல் சந்தேகம் விழுந்த பிறகு குழந்தைகள் அவர் வீட்டுப் பக்கம் போவதில்லை. ஒருவர் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்துகிறார். யாரோ ஜன்னலில் கல் எறிகிறார்கள். கடைசியில் அவருக்கும் காணாமல் போனதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும்போது யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. பெரும்பாலான தெருநாவல்களில் உண்மையான குற்றம் இங்கேதான் நடக்கிறது. பின்னட்டை அதைச் சொல்லியிருக்காது. முதல் நூறு பக்கத்தில் நாமும் அந்த முதியவரைச் சந்தேகித்திருப்போம், ஏனென்றால் மர்ம நாவல் படிக்கிறோம் என்ற நினைப்பு யாரையாவது சந்தேகிக்கச் சொல்லும். நல்ல ஆசிரியர் அந்தப் பழக்கத்தை நம்மீதே திருப்பிவிடுகிறார். அந்த வகையில் மர்மம் என்ற முத்திரை சில நாவல்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

அந்த முத்திரையை யார் குத்துகிறார்கள்? பொதுவாக ஆசிரியர் இல்லை. அட்டைப்படம், பின்னட்டைக் குறிப்பு, எந்த வகையில் விற்பது என்ற முடிவு எல்லாம் பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்புத் துறையில் பிசாக் என்ற வகைக்குறியீட்டுப் பட்டியல் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு நாவலுக்கு மர்மம், குடும்ப வாழ்க்கை, இலக்கியப் புனைவு என்று ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகளைக் கொடுக்கலாம். முதலில் எது வருகிறதோ அதைப் பொறுத்து கடையில் அலமாரியும் இணையத்தில் பட்டியலும் அமையும். குடும்ப வாழ்க்கை என்று சொன்னால் எடுக்காத பலர் மர்மம் என்றால் எடுப்பார்கள் என்பது விற்பனையாளர்களின் கணக்கு. 2012-இல் கில்லியன் ஃபிளின்னின் 'கான் கேர்ள்' பெரும் வெற்றி பெற்றபின் இந்தக் கணக்கு இன்னும் உறுதியானது. காணாமல் போன மனைவி, சந்தேகத்துக்குரிய கணவன், அழகான வீடு என்று அட்டைகள் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல வரத் தொடங்கின. 2013-இல் ஜூலியா கிரவுச் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், வீட்டுக்குள் நடக்கும் இத்தகைய குற்றக்கதைகளுக்கு டொமஸ்டிக் நுவார் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

டொமஸ்டிக் நுவாரும் தெருநாவலும் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒன்றல்ல. முன்னதில் ஆபத்து ஒரு வீட்டுக்குள், பெரும்பாலும் ஒரு திருமணத்துக்குள் இருக்கிறது, வேகமும் திருப்பங்களும் கட்டாயம். பின்னதில் பல வீடுகள், மெதுவான நடை. பதிப்பகங்கள் இரண்டுக்கும் ஒரே அட்டையைப் போட்டுவிடுவதால்தான் வேகத்தை எதிர்பார்த்து வருபவர்கள் திணறிப்போகிறார்கள்.

பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரார் ஜெனெத் 1987-இல் ஒரு முழுப் புத்தகத்தையே இதற்காக எழுதினார். தலைப்பு, அட்டை, முன்னுரை, பின்னட்டை வாசகம் ஆகியவை நூலுக்குள் நுழையும் வாசற்படி என்பது அவர் பார்வை. எந்த வாசல் வழியாக நுழைகிறோமோ அதைப் பொறுத்தே உள்ளே இருப்பதைப் படிக்கிறோம். தப்பான வாசலில் நுழைந்த வாசகரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. துப்பறியும் நாவலுக்குக் காசு கொடுத்தவருக்குத் துப்பறியும் நாவலை எதிர்பார்க்கும் உரிமை இருக்கிறது. அந்த அட்டையைப் பார்த்து "எனக்கு மர்மக்கதை பிடிக்காது" என்று ஒதுங்கிப்போனவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த நாவல் ரொம்பவும் பிடித்திருக்கும்.

அதற்காகப் பழியை எல்லாம் அட்டைமேல் போட்டுவிடவும் கூடாது. சில நாவல்கள் உள்ளேயும் ஏமாற்றுகின்றன. ஒரு பாத்திரத்தின் மனதுக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிட்டு, அந்தப் பாத்திரத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மட்டும் கடைசி வரை சொல்லாமல் விடுவது அதில் முக்கியமானது. "அன்று இரவு நடந்ததை அவள் நினைத்துக்கொண்டாள்" என்று எழுதிவிட்டு என்ன நடந்தது என்பதை முந்நூறாம் பக்கத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அவள் அதைத் தினமும் நினைக்கிறாள், நமக்கு மட்டும் காட்டமாட்டார்கள். மறைப்பது பாத்திரமா, ஆசிரியரா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் எண் வீட்டுக்காரி போலீஸிடம் மறைக்கிறாள், பக்கத்து வீட்டாரிடம் மறைக்கிறாள், ஏன் தனக்குத்தானே மறைத்துக்கொள்கிறாள் என்றால் அது மனித இயல்பு, அதில் கதை இருக்கிறது. அவள் மனதுக்குள் இருக்கும் நம்மிடமிருந்து ஆசிரியர் மறைக்கிறார் என்றால் அது விற்பனைக்காகச் செய்த ஒட்டுவேலை. ஒற்றை நட்சத்திரம் போடத்தான் வேண்டும் என்றால் அதற்குப் போடலாம்.

புதிதாக இந்த வகையைப் படிக்க வருபவர்களுக்கு என் யோசனைகள் எளிமையானவை. கடையில் கையில் எடுத்தவுடன் பின்னட்டையைத் தாண்டி முதல் பத்துப் பக்கத்தைப் படியுங்கள். அதில் எத்தனை வீடுகளுக்குள் கதை போகிறது? விசாரிப்பவருக்குச் சொந்தமாக ஒரு அத்தியாயம் இருக்கிறதா, வாசலோடு திரும்பிவிடுகிறாரா? பல வீடுகள், விசாரிப்பவர் வாசலோடு சரி என்றால் உங்கள் கையில் இருப்பது தெருநாவல். தடயம் பொறுக்குவதை அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்குப் பதிலாக யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு இரண்டு வீடு தாண்டிப் போகும்போது எப்படி உருமாறுகிறது என்று பாருங்கள். குழந்தைகள் வரும் காட்சிகளைத் தாண்டிப்போக வேண்டாம். பெரியவர்கள் குழந்தைக்குப் புரியாது என்று நினைத்துப் பேசிவிடுவதால், இந்த நாவல்களில் உண்மை பெரும்பாலும் குழந்தையின் காதில்தான் முதலில் விழுகிறது. பாத்திரங்கள் நிறைய என்பதால் முதல் சில அத்தியாயங்களில் குழப்பம் வரும். வீட்டு எண்ணையும் பெயர்களையும் ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும், நாற்பது பக்கத்துக்குப் பிறகு அந்தத் தாள் தேவைப்படாது.

எங்கிருந்து தொடங்குவது? மர்மக் கதையிலிருந்து வருபவர்கள் மோரியார்ட்டியை எடுக்கலாம். யார், எப்படி என்ற கேள்விகளுக்கு முறையான பதில் கடைசியில் கிடைத்துவிடும், அதனால் ஏமாற்றம் இருக்காது. குடும்பக் கதைகளும் இலக்கியப் புனைவும் பழகியவர்களுக்குச் செலஸ்ட் இங் பொருத்தம். தத்தெடுத்த குழந்தை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நடுவில் வருகிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் மனம் மாறும். யூஜெனிடிஸ் தற்கொலையைப் பற்றியது, படிக்கும் நேரத்தில் மனம் திடமாக இருக்க வேண்டும். அதனால் அதை இந்த இரண்டுக்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.